காற்றும் சிறுகலமும்



செவிலிமேட்டில் வாழும் ஒருவன் கடலையும் காற்றையும் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எங்கள் ஊர் பாலாற்றங்கரை ஊர். ஆண்டின் பெரும்பகுதியில் அவ்வாற்றில் காண்பது மணல். 2021 நவம்பரில் கரை கொள்ளாமல் ஓடியது போன்ற பெருக்கு அரிதாகவே வரும். காஞ்சி மாநகரில் தறியின் ஓசை கேட்கும்; அலையின் ஓசை கேளாது. ஆயினும் அந்தப் பாலாறே கிழக்கு நோக்கிச் சென்று வயலூரை அடுத்துக் கடலில் கலக்கிறது. அதற்குச் சற்று வடக்கே, சதுரங்கப்பட்டினத்தில், 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் வாணிகம் நடத்தினர். தொண்டை நாட்டுத் தறிகளில் நெய்த துணி அங்கிருந்து கப்பலேறிற்று. கப்பலேறிற்று என்று வரலாற்று நூல்களில் ஒரு சொல்லில் எழுதிவிடுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் வகுப்பில் அவ்வாறே சொல்லியிருக்கிறேன். கரையில் கிடந்த துணி மூட்டை, தொலைவில் நங்கூரமிட்டு நின்ற கப்பலுக்கு எவ்வாறு சென்றது, யார் கொண்டு சென்றார் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. நேராக நீண்டு கிடக்கும் மணற்கரை. கரையை ஒட்டி ஓயாது மடியும் அலை. பெருங்கப்பல் கரையை அணுகினால் தரை தட்டும். ஆதலின் அது தொலைவிலேயே நின்றுவிடும். இடைப்பட்ட நீரைக் கடந்தவை நம் நாட்டுச் சிறுகலங்கள் இரண்டே. ஒன்று சலங்கு, ஐரோப்பியர் இதனை மசூலாப் படகு என்று எழுதினர். மற்றது கட்டுமரம்.

சலங்கு ஏறத்தாழ 30 அடி நீளமுடையது. பலகைகளை ஆணி அடித்துப் பொருத்தாமல், கயிற்றால் தைத்தே அதனைச் செய்தார்கள். அலை தூக்கி மணலில் அறைந்தால் ஆணி அடித்த படகு பிளந்துபோகும். தைத்த படகோ சற்று நெகிழ்ந்து கொடுத்து மீளும். முன்னே துடுப்புப் போடுவோர் அமர்ந்திருப்பர். பின்னே தண்டல் என்னும் தலைவன் நீண்ட துடுப்பொன்றைப் பிடித்து நிற்பான். படகின் மூக்காகிய அணியம் அலைக்கு நேராக நிற்கவேண்டும். ஒரு நொடி பக்கவாட்டில் திரும்பினால் கவிழ்வது உறுதி. எந்த அலையைக் கடக்க விடுவது, எந்த அலையின் முதுகில் ஏறி வருவது என்பதெல்லாம் அவன் கண்ணளவே. கவர்னர் துரையாயினும் சரி, கணக்குப் பிள்ளையாயினும் சரி, சென்னையில் இறங்கவேண்டுமாயின் அந்தத் தண்டலின் கையில் உயிரை ஒப்படைத்தே இறங்கவேண்டும். 1861-இல் சென்னையில் இரும்புத் தூண்களின்மேல் பாலம் அமைத்தார்கள். 1870-களில் அலைதடுப்புச் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில் புயல் வந்து அச்சுவரைச் சிதைத்தது. அதுவரையிலும், அதற்குப் பின்னர்ச் சில காலமும், சலங்கே துறைமுகம்.

பெரியது பாதுகாப்பானது என்று நாம் எண்ணுகிறோம். 1746 செப்டம்பரில் லபூர்தொனே என்னும் பிரெஞ்சுத் தளபதி சென்னையைப் பிடித்தான். அக்டோபரில் அடித்த புயல், வெளிக்கடலில் நின்ற அவனுடைய கப்பல்கள் சிலவற்றை மூழ்கடித்தது. பலவற்றின் பாய்மரங்களை முறித்தது. ஆங்கிலேயரின் பீரங்கி செய்யாததைக் காற்று ஓரிரவில் செய்து முடித்தது. புயல் அறிகுறி கண்டால் கட்டுமரக்காரன் தன் மரங்களை மணல்மேட்டுக்கு இழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிடுவான். கப்பற் படைத் தலைவனுக்கு அந்த வசதி இல்லை!

கட்டுமரத்தை ஐரோப்பியர் முதலில் இகழ்ச்சியோடுதான் பார்த்தனர். நான்கைந்து மரத்துண்டுகள்; அவற்றைப் பிணைக்கும் கயிறு; இதுவும் ஒரு கலமா என்று கேட்டனர். ஆனால் சலங்கும் வெளியேற முடியாத அலை நாளில், கப்பலுக்குக் கடிதம் கொண்டுசென்றவன் கட்டுமரக்காரனே. ஓலையாற் பின்னிய கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தை வைத்து, அது நனையாமல் சேர்ப்பித்தான். வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி 1697-இல் வெளியிட்ட பயண நூலில் இக்கலத்தைப் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார். அவ்வாறு ஆங்கிலத்தில் புகுந்த நம் சொல், பின்னர்ப் பொருள் மாறிப்போயிற்று. 1876-இல் அமெரிக்காவில் நத்தானியேல் ஹெரஷாஃப் என்பவர் இரண்டு உடல்களை இணைத்து ஒரு பாய்ப்படகு செய்தார்; பந்தயத்தில் அது மற்றவற்றை எளிதில் முந்திற்று; தோற்றவர்கள் முறையிட்டார்கள். இத்தகைய இரட்டை உடற் படகையே இன்று உலகத்தார் ‘காட்டமரான்’ என்கின்றனர். நம்முடையதோ இரட்டை உடலும் அன்று, உட்குழிவும் அன்று. பெயரை வாங்கிக்கொண்டவர்கள் பொருளை இங்கேயே விட்டுச் சென்றார்கள்.

காற்றை இது எவ்வாறு வென்றது? வென்றது என்பதைவிட, காற்றுக்குப் பிடி கொடாமல் இருந்தது என்பதே பொருந்தும். வீட்டில் ஒரு தொட்டி நீரில் அலுமினியத் தட்டு ஒன்றை மிதக்கவிட்டு, பக்கத்திலிருந்து ஊதிப் பாருங்கள். தட்டு சுழன்று ஓடும். நீருக்குமேல் நிற்கும் விளிம்பைக் காற்றுப் பற்றுகிறது. நீருக்குள் அதனை நிறுத்திவைக்க ஒன்றும் இல்லை. அதே நீரில் ஒரு விறகுக் கட்டையை இட்டு ஊதினால், அது அசைந்தும் அசையாமலும் கிடக்கும். கட்டுமரம் இவ்விறகுக் கட்டையின் இனம். பாதிக்குமேல் நீரில் மூழ்கிக் கிடப்பது, அலை மேலேறி மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும், இறைக்க வேண்டியதில்லை. பாய் விரித்து ஓடும்போது மட்டும் காற்று அதனைப் பக்கவாட்டில் தள்ளும். அதற்கெனப் பக்கத்தில் ஒரு பலகையை நீருக்குள் இறக்குவர். பருமலிற் கட்டிய முக்கோணப் பாயைத் தாமான் என்னும் கயிற்றால் இழுத்தும் தளர்த்தியும், பின்னே பங்காயத்தால் திசை திருப்பியும் செல்வர். வன்காற்று வந்தால் தாமானைத் தளர்த்திவிடுவதே முதற் பாடம்.

பாக்கு நீரிணைப் பகுதியில், அதிராம்பட்டினம் பக்கத்து வத்தை என்னும் படகில், இதனினும் நுட்பமான முறை ஒன்று இருந்தது. படகின் குறுக்கே நீண்ட பலகை ஒன்றை வைத்து, அதன் ஒரு முனை காற்று வரும் பக்கத்தில் வெளியே நீண்டிருக்குமாறு செய்வர். காற்று மிகமிக, ஆட்கள் அப்பலகையின்மேல் வெளிநோக்கி நகர்ந்து செல்வர். தணியத் தணிய உள்ளே வருவர். துலாக்கோலில் படிக்கல்லை நகர்த்துவதுபோல மனிதர் தம்மையே நகர்த்திப் படகை நிமிர்த்தினர். நெம்புகோல் விதியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைத்ததில்லை. சென்னை மாகாண மீன்வளத் துறைத் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இத்தகைய கலங்களை ஊர் ஊராகப் பார்த்து, 1920-இல் இந்தியப் படகுகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நம்மவர் யாரும் அதற்குமுன் அதனைச் செய்யவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்; வங்கம், அம்பி, பஃறி, புணை, தோணி எனப் பெயர்களை நிகண்டில் மனப்பாடம் செய்தோம்; கடற்கரைக்குப் போய் எது எது என்று பார்க்கவில்லை.

காற்றின் பெயர்களும் அப்படியே. வாடை வடக்கிலிருந்து, தென்றல் தெற்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, கோடை மேற்கிலிருந்து என்று புலவர் நான்காகப் பகுத்தனர். கடலோடிகளுக்கு நான்கு போதா. கச்சான், சோழகம் என மேலும் பெயர்கள் உண்டு; ஊருக்கு ஊர் அவை சற்று வேறுபடும். நாள்தோறும் வரும் காற்றையே அவர்கள் கூலியில்லா வேலையாளாக வைத்திருந்தனர். விடியுமுன் நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசும் காற்றில் வெளியே செல்வர். பிற்பகலில் எழும் கடற்காற்றில் கரை திரும்புவர். வைகாசி, ஆனி மாதங்களில் மேல்காற்று வலுத்தால் கடற்காற்று எழத் தாழ்க்கும். வேனில் மாலையில் எங்கள் காஞ்சிக்கும் அக்கடற்காற்றுச் சில நாள் வந்து சேர்வதுண்டு. நாங்கள் திண்ணையில் அமர்ந்து அதனை நுகர்வோம். அது யாரையேனும் கரை சேர்த்துவிட்டு வந்திருக்கும். கரிகாலனின் முன்னோன் காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்தினான் என்று புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் பாடிய பெருமை, இந்த மக்களுக்கும் உரியதே.

இனி மேல்நாட்டுக்கு ஒரு நடை போய் வருவோம். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், அமெரிக்காவில் க்ரம்மன் என்னும் விமானத் தொழிற்சாலை, விமானத் தகட்டைக் கொண்டே சிறு ஓடங்கள் செய்யத் தொடங்கியது. அலுமினியம் தண்ணீரைப்போல 2.7 மடங்கு எடையுள்ளது. இரும்போ ஏறத்தாழ 7.9 மடங்கு. ஆதலால் இருவர் தூக்கிச் செல்லத்தக்க படகு கிடைத்தது. ஏரிகளில் மீன் பிடிப்போர் அதனை விரும்பினர். ஆனால் நம் தட்டின் குணம் அதற்கும் உண்டு. எந்திரமும் ஆளும் பின்னே இருப்பதால் அணியம் மேலே எழும். எழுந்த மூக்கைக் காற்றுத் தள்ளும். படகு நினைத்த திசைக்குப் போகாது. அவர்கள் கண்ட பரிகாரங்கள் யாவை? எடையை முன்னே நகர்த்துவது. அணியத்தைக் காற்றுக்கு நேரே வைத்து மெல்லச் செல்வது. கூம்பு வடிவான துணிப்பையை நீரில் இழுத்துவந்து ஓட்டத்தைக் குறைப்பது. நம் கடலில் வழிவலை விரித்தவன், வலையின் ஒரு முனையைப் படகின் முன்புறத்தில் கட்டிக்கொண்டு இரவெல்லாம் கிடப்பான். நீரில் தொங்கும் வலை படகை இழுத்துப் பிடிக்க, முகம் காற்றைப் பார்த்தபடி நிற்கும். அவனுக்கு வலையே துணிப்பை.

நம் கரையிலும் கலம் மாறிவிட்டது. முதலில் எந்திரம் வந்தது. பிறகு ஒட்டுப்பலகைப் படகும் கண்ணாடியிழைப் படகும் வந்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் உதவியாக வழங்கப்பட்டவற்றுள் கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. மரக் கட்டுமரம் அருகிற்று. புதுப் படகு விரைவானது, மீனும் ஆளும் கூடுதலாகத் தாங்கும். இதனை யாரும் குறைகூற முடியாது. நீருக்குமேல் உயர்ந்து மிதப்பது அதன் இயல்பு. எந்திரம் ஓடும்வரை அவ்வியல்பு வெளித்தெரியாது. நின்றுவிட்டால் படகு காற்றுக்குப் பக்கம் காட்டித் திரும்பும். பாயும் பங்காயமும் இல்லாத படகில் அப்போது செய்யத்தக்கது சிறிதே. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் எழுந்தபோது, கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களின் மீனவர் பலர் திரும்பவில்லை. அத்தகைய புயலின் முன் கட்டுமரமும் நின்றிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். எச்சரிக்கை உரிய நேரத்தில் எட்டவில்லை என்ற குறை அந்த ஊர்களில் இன்றும் பேசப்படுகிறது. கரையில் கொடி ஏற்றி, இன்று அலையைக் கடக்க வேண்டா என்று சலங்குக்காரர்க்கு அறிவித்த சென்னையின் பழைய வழக்கம் என் நினைவுக்கு வந்தது.

சென்ற ஆண்டு சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையைப் பார்க்கச் சென்றபோது, பிற்பகலில் கண்ணாடியிழைப் படகொன்று கரைக்கு வந்தது. காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. படகில் மூவர். அலைவரிசைக்கு வெளியே சற்று நின்றார்கள். பின்னால் எந்திரத்தின் நீண்ட தண்டைப் பிடித்திருந்த முதியவர் ஏதோ சொல்ல, இளைஞர் ஒருவர் பனிக்கட்டிப் பெட்டியை அணியத்துக்கு நகர்த்திவிட்டு அதன் பக்கத்தில் அமர்ந்துகொண்டார். இரண்டு அலைகளைப் போகவிட்டு, மூன்றாவதன் பின்னே வந்து மணலில் ஏறினார்கள். ஏன் அந்த இரண்டை விட்டீர்கள் என்று கேட்டேன். “அது நம்ம அலை இல்லீங்க, ஐயா” என்றார் முதியவர்.