பின் வரிசைக்குத் தெரிகிற சண்டை

எழுதி ரொம்ப நாளாச்சு. மார்ச் கணக்கு முடிப்பு, அப்புறம் மழை, அப்புறம் கப்பல் வரவில்லை என்று சாக்குகள் நிறைய இருக்கு. உண்மையான காரணம் என் மகன். சென்னையில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறான் (அப்பன் படித்த அதே பி.காம்.). போன மாதம் போனில், "அப்பா, எம்.எம்.ஏ. கிளாஸ்ல சேர்ந்திருக்கேன்" என்றான். எம்.ஏ.வா, எம்.பி.ஏ.வா என்று இரண்டு தடவை கேட்டேன். மிக்ஸட் மார்ஷியல் ஆர்ட்ஸாம். கம்பிக் கூண்டுக்குள் இரண்டு பேரை விட்டுக் கதவைச் சாத்துவார்களே, அது.

"எங்க அப்பா காலத்துல பாக்ஸிங்னு ஒண்ணு இருந்துச்சுடா, அதைப் பழகு" என்றேன். "அதுல கையை மட்டும்தானேப்பா ஆட்டுவாங்க. இதுலதான் நிஜமா யார் பலசாலின்னு தெரியும்" என்றான். ராயபுரத்துக்காரனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது?

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் ஒரு அடி கூட வாங்கினவன் இல்லை. எனக்கும் சண்டைக்கும் உள்ள உறவு பார்வையாளன் உறவுதான். அதனால் பார்வையாளனாக மட்டும் யோசித்தேன்: பார்க்கிறவனுக்கு எது நல்ல சண்டை?

என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1980 தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்தபோது, நேரு ஸ்டேடியத்தில் அவரைப் பார்த்த கூட்டத்தில் அப்பாவும் ஒருவர். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார். ஜிம்மி எல்லிஸோடு அலி ஆடிய காட்சிப் போட்டி அது. முந்தின வருஷமே ஓய்வை அறிவித்துவிட்டவர், உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து ஆள் கட்டை விரல் உயரம்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் சாகும்வரை அலி எந்தக் காலை எப்படி மாற்றி வைத்தார் என்று திண்ணையில் ஆடிக் காட்டுவார். கடைசி வரிசையில் இருந்தவருக்கு அது தெரிந்திருக்கிறது பாருங்கள். விஷயம் அங்கேதான் இருக்கு.

2021-இல் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்த பிறகு எல்லோருக்கும் வடசென்னை பாக்ஸிங் தெரிந்துவிட்டது. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரைகள். ஊரில் இதற்கு ஆங்கிலக் குத்துச்சண்டை என்று பெயர். கையுறை, ரவுண்டு, மணி, பத்து எண்ணுவது எல்லாம் 1867-இல் இங்கிலாந்தில் வெளியான குயின்ஸ்பெரி விதிகளோடு வந்தவை. வெள்ளைக்காரன் கொண்டுவந்ததைக் கற்றுக்கொண்டு நம்மவர்கள் ஆங்கிலோ இந்தியர்களோடு மோதினார்கள். கித்தேரி முத்து என்கிற சார்பட்டா வீரர் டெர்ரியை வீழ்த்தியதற்குப் பெரியார் 'திராவிட வீரன்' என்று பட்டம் கொடுத்ததாக எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். மேடையில் அடிபடுகிறவன் தனி ஆள் கிடையாது, ஒரு பரம்பரை, ஒரு தெரு. அப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஏற்ற விளையாட்டு பாக்ஸிங். மேடை உயரம், சுற்றிலும் வெறும் கயிறு, இரண்டு பேரும் நின்றுகொண்டே இருப்பார்கள், விழுந்தால் விழுந்தது எல்லோருக்கும் தெரியும். படிப்பு, பாஷை எதுவும் வேண்டாம்.

இங்கே கட்சாலில் வந்தும் இதையேதான் பார்த்தேன். (புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: கட்சால் அந்தமானில் இல்லை. போர்ட் பிளேரில், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரத்தில், கப்பல் ஏறித் தெற்கே வரவேண்டிய நிக்கோபார்த் தீவு. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களில் சில குடும்பங்களை ரப்பர் தோட்ட வேலைக்கு இங்கே குடியேற்றினார்கள். 2004 சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் இதுவும் ஒன்று.) நிக்கோபாரி மக்களுக்கு 'கிரிப்' என்று ஒரு மல்யுத்தம் உண்டு. தொடங்கும் முன்பே இருவரும் கைகளை எதிராளியின் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்ள வேண்டும். கடைசிவரை பிடியை விடக்கூடாது. காலால் இடறலாம், உடம்பால் தள்ளலாம். யார் முதுகு மண்ணில் படுகிறதோ அவர் தோற்றார்.

என் பக்கத்தில் ரப்பர் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வூதியக் கணக்கு எங்கள் கிளையில்தான். "முதுகுல மண்ணு ஒட்டுச்சுன்னா முடிஞ்சது, மேனேஜர் ஐயா. இதுக்கு எதுக்கு நடுவரு?" என்றார். அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

ஆனால் பார்வையாளர் தகராறு நமக்குப் புதிதில்லை. சங்க காலத்திலேயே இருக்கு. உறையூர்த் தித்தனின் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி அப்பாவோடு மனஸ்தாபப்பட்டுப் பிரிந்து போனவன். ஆமூரில் ஒரு மல்லனோடு மோதுகிறான். புறநானூற்றில் 80 முதல் 85 வரை ஆறு பாட்டு இவனைப் பற்றி. சாத்தந்தையார் பாடிய மூன்று, நக்கண்ணையார் பாடிய மூன்று. சாத்தந்தையார் சண்டையின் வேகத்துக்குச் சொல்கிற உவமையைப் பாருங்கள்: ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி, மழை கொட்டுகிறது, பொழுதும் சாய்கிறது, அந்த அவசரத்தில் கட்டில் பின்னுகிறவன் கையில் ஊசி ஓடுமே, அந்த வேகமாம். எந்த டிவி வர்ணனையாளரும் இந்தப் பக்கம் வர முடியாது.

80-ஆம் பாட்டில் சண்டை முடிகிற இடம் எனக்கு எம்.எம்.ஏ.வைத்தான் ஞாபகப்படுத்தியது. ஒரு கால் மல்லனின் மார்பில் அழுந்துகிறது, இன்னொரு கால் அவன் தப்பிக்காமல் பின்னால் தடுக்கிறது. மகன் அனுப்புகிற வீடியோக்களில் பாதி இதுதான்! அதாவது அவன் கட்சிக்கும் இரண்டாயிரம் வருஷத்துச் சாட்சி இருக்கு. (இதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.)

85-ஆம் பாட்டில் நக்கண்ணையார் சொல்வது அதைவிட ருசியானது. வெற்றி அவனுக்கு என்கிறது ஊரில் ஒரு கூட்டம், இல்லை என்கிறது இன்னொரு கூட்டம். இந்த அம்மா சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், வீட்டுப் பனைமரத்தை ஒட்டி நின்று தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்கிறார். தரையில் கட்டிப் புரளும் சண்டையில் யார் மேலே, யார் கீழே என்று கூட்டத்துக்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் நல்ல இடம் பார்த்து நிற்கணும்.

இந்தப் பனைமரம் இருபதாம் நூற்றாண்டில் எப்படிக் கேமராவானது என்பதுதான் எம்.எம்.ஏ.வின் கதை. 1976 ஜூன் 26, டோக்கியோ. முகமது அலிக்கும் ஜப்பான் மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோகிக்கும் கலப்புச் சண்டை. அலிக்குப் பேசிய தொகை 60 லட்சம் டாலர். இனோகி முதல் மணியிலேயே தரையில் படுத்துவிட்டார்! 15 ரவுண்டும் பெரும்பாலும் படுத்தபடியே அலியின் காலில் உதைத்தார். அலி விட்ட குத்துகள் பத்தைத் தாண்டவில்லை. முடிவு டிரா. கூட்டம் கையில் கிடைத்ததை எல்லாம் மேடையில் எறிந்தது. அலி வீங்கிய காலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். அடி என்னவோ நிஜ அடி, பார்த்தவனுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்புறம் 1993 நவம்பர் 12, அமெரிக்காவில் டென்வர் நகரம். யூ.எஃப்.சி.யின் முதல் போட்டி. எட்டு மூலைக் கம்பிக் கூண்டு, எடைப் பிரிவு கிடையாது. ஒரு கையில் மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு வந்த பாக்ஸர் ஆர்ட் ஜிம்மர்சனைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்தார் பிரேசிலின் ராய்ஸ் கிரேசி. இரண்டரை நிமிஷம்கூட ஆகவில்லை, ஜிம்மர்சன் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். அன்றைய பட்டமும் ஒல்லியான கிரேசிக்குத்தான். மகன் சொல்கிற "நிஜமா யார் பலசாலி" என்ற கேள்விக்கு அன்றைக்குப் பதில் கிடைத்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் 1994 டிசம்பரில் நடந்த நான்காவது போட்டியில் என்ன ஆச்சு? கிரேசியும் டான் செவர்னும் தரையில் பின்னிக்கிடந்ததில் இறுதிச் சண்டை நீண்டு, காசு கட்டி வீட்டில் பார்த்தவர்கள் பலருக்கு முடிவு வருவதற்குள் ஒளிபரப்பு நேரம் தீர்ந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. (பேங்க்காரனுக்கு இந்த இடம்தான் மனசில் நிற்கும்.) 1995 ஏப்ரலில் கிரேசி - ஷாம்ராக் 36 நிமிஷம் கட்டிப்பிடித்துக் கிடந்து டிரா. அதற்குப் பிறகுதான் நடுவர் தீர்ப்பு, ஐந்து நிமிஷ ரவுண்டு, எடைப் பிரிவு எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. யாருக்காக? சண்டைக்காரனுக்காக மட்டுமில்லை, பார்க்கிறவனுக்காகவும்தான். இன்றைக்கும் அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கண் பாதி நேரம் மேலே தொங்குகிற பெரிய திரையில்தான் இருக்கு.

இதனால் பாக்ஸிங் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் ராய் ஜோன்ஸ் விட்டதில் 86 குத்து எதிராளி மேல் பட்டது, கொரியாவின் பார்க் விட்டதில் 32 பட்டது. தங்கம் பார்க்குக்கு! கடைசி வரிசைக்காரனுக்குத் தெரிந்தது மேஜையில் உட்கார்ந்த மூன்று பேருக்குத் தெரியவில்லை. நாலு அமைப்பு, நாலு பெல்ட். ஊரே கேட்ட மேவெதர் - பாக்கியோ சண்டை வருஷக்கணக்காக இழுத்து 2015-இல்தான் நடந்தது, அதற்குள் இருவருக்கும் வயசாகிவிட்டது. யூ.எஃப்.சி.யில் ஒரே முதலாளி, நினைத்த ஜோடியை நினைத்த மாதம் மோதவிடலாம்.

அந்த வசதிக்கு விலை கொடுப்பது யார் என்று லெட்ஜரைப் புரட்டினால் தெரியும். வருமானத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் வீரர்களுக்குப் போகிறது என்பது அமெரிக்க நீதிமன்றத்தில் வந்த வழக்கு. 2025-இல் 37.5 கோடி டாலர் சமரசத்துக்கு நீதிபதி ஒப்புதல் கொடுத்தார். பாக்ஸிங்கில் பெரிய சண்டை என்றால் பெரும் பங்கு வீரனுக்கே. அதனால்தான் 2017-இல் மெக்கிரெகர் மேவெதரோடு மோதப் போனபோது பாக்ஸிங் விதியில் போனார். பத்தாவது ரவுண்டில் தோற்றார், ஆனாலும் உத்தரவாதத் தொகையே 3 கோடி டாலர். 2023-இல் ரியாத்தில் டைசன் ஃபியூரியைத் தரையில் தள்ளிய எங்கானுவும் அந்த ஆசையில்தான் போனார். எதிர்த்திசையில் போன பெரிய பெயர் ஜேம்ஸ் டோனி, 2010. கூண்டுக்குள் ரேண்டி கூட்டூர் நாலு நிமிஷத்துக்குள் முடித்துவிட்டார்.

அடி விஷயம் ஒன்று பாக்கி. கூண்டில் ரத்தம் அதிகம் தெரியும், அதைப் பார்த்துத்தான் என் மனைவி அழுகிறாள். ஆனால் பாக்ஸிங்கில் விழுந்தவனுக்குப் பத்து எண்ணி, எழுந்தால் மறுபடியும் தலையில் அடி வாங்க விடுவார்கள். 1982-இல் கொரியாவின் கிம் டுக்-கூ 14-ஆவது ரவுண்டில் விழுந்து சில நாளில் இறந்தார். அதன் பிறகே 15 ரவுண்டு 12 ஆனது. எம்.எம்.ஏ.வில் ஆள் நிலை தடுமாறினால் நடுவர் பாய்ந்து நிறுத்திவிடுவார், தரையைத் தட்டித் தோற்பதும் அவமானமில்லை. அப்பாவின் அலி ஆட்டத்தை நினைத்துக்கொண்டு பாக்ஸிங் பழகச் சொன்னவன் நான். அந்த அலியின் கை கடைசியில் எப்படி நடுங்கியது என்று 1996 அட்லாண்டாவில் உலகமே பார்த்தது. இந்த இடத்தில் மகனிடம் வாதாட எனக்கு வழியில்லை.

சாத்தந்தையார் பாட்டில் இன்னொரு விஷயமும் இருக்கு. மனசு இளகுவானோ மாட்டானோ, தித்தன் இந்தச் சண்டையைப் பார்க்க வேண்டும் என்கிறார். அப்பன் பார்க்கணும், அவ்வளவுதான் அவர் ஆசை. இந்தப் பாட்டுகளை வெகுநாள் கழித்துப் படித்த எனக்கு அந்த வரியைத் தாண்ட இரண்டு நாள் ஆச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை அவனுடைய முதல் பழகுநர் போட்டி. லீவு இருந்தது, கப்பல் தேதி ஒத்துவரவில்லை. நண்பன் எடுத்த வீடியோவை அனுப்பினான். இங்குள்ள நெட்டில் இறங்க ராத்திரி முழுக்க ஆச்சு. மூன்று நிமிஷம். முதல் நிமிஷம் இருவரும் நின்று ஆடினார்கள். இடது காலை அவன் மாற்றி வைத்த விதத்தில் எங்கப்பா இருந்தார். அப்புறம் இருவரும் கீழே விழுந்தார்கள். மீதி இரண்டு நிமிஷமும் முன் வரிசையில் எழுந்து நின்றவர்களின் முதுகு மட்டுமே.

உடனே போன் போட்டேன். "டேய், யாருடா ஜெயிச்சது?"

"நேர்ல வந்து பாருங்கப்பா" என்றான். அடுத்த போட்டி டிசம்பரில். கப்பல் டிக்கெட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.