மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான இல்லத் தகவமைப்புகள்

இல்லத் தகவமைப்பு என்பது உடலியக்கம், பார்வை, செவித்திறன் ஆகியவற்றில் குறைபாடுள்ள குழந்தை தன் அன்றாட வேலைகளை இயன்றவரை தானே செய்துகொள்ளும்படி வீட்டிலும் புழங்கு பொருள்களிலும் செய்யப்படும் மாற்றங்களைக் குறிக்கும். சுவரை இடித்துக் கட்டும் தேவை அரிதாகவே எழுகிறது. இருக்கை, கழிப்பறை, வாசற்படி, கரண்டி ஆகியவற்றில் செய்யப்படும் சிறு திருத்தங்களே இதில் பெரும்பகுதி.

மூளை முடக்குவாதம், அதாவது வளரும் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பால் தசைகளின் இறுக்கமும் அசைவும் கட்டுக்குள் வராத நிலை, உள்ள குழந்தைக்கு முதல் தேவை நிலையாக உட்காருவதாகும். உடல் சாய்ந்துகொண்டே இருக்கும்வரை கைகள் ஊன்றிக்கொள்வதற்கே பயன்படுமன்றி உண்ணவோ விளையாடவோ உதவா. இரு பலகைகளைச் செங்கோணமாகப் பொருத்தி முதுகுத் தாங்கலாக்கிய மூலை இருக்கையில் குழந்தையை அமர்த்தும்போது தோள்கள் சற்றே முன்வந்து, இரு கைகளும் மார்புக்கு நேரே கூடுகின்றன. கால்கள் கத்தரிக்கோல்போல் பின்னிக்கொள்ளாதிருக்கத் தொடைகளுக்கிடையே பஞ்சும் துணியும் சுற்றிய கட்டையொன்று வைக்கப்படுகிறது. தச்சர் செய்து தரக்கூடிய இவ்விருக்கையைப் பழைய அட்டைகளையும் தாள்களையும் மாவுப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி உலர்த்தியும் செய்யலாம். ஜிம்பாப்வேயில் பெவில் பாக்கர் வளர்த்தெடுத்த முறை இது. மெக்சிகோவின் சிற்றூர் மறுவாழ்வுத் திட்டமொன்றின் அனுபவத்தைக் கொண்டு டேவிட் வெர்னர் 1987இல் வெளியிட்ட ‘டிஸேபிள்ட் வில்லேஜ் சில்ட்ரன்’ என்னும் நூல், கையில் கிடைக்கும் பொருள்களால் செய்யத்தக்க இத்தகைய கருவிகளைப் படங்களுடன் விளக்குகிறது.

குந்தி அமரும் கழிப்பறையே குடும்பத்தினரை மிகவும் வருத்துவது. நடுவே துளையிட்ட நாற்காலியைக் கழிப்பறைக் கோப்பையின்மேல் வைப்பது எளிய தீர்வு; ஆயினும் வெட்டிய விளிம்பை மழுங்கத் தேய்த்து, கால்களுக்கு ரப்பர் உறை மாட்டாவிடில் ஈரத்தரையில் அதுவே ஆபத்தாகிவிடும். சுவர்க் கைப்பிடிக் கம்பியின் திருகாணி பூச்சோடு நில்லாமல் செங்கல்வரை இறங்க வேண்டும். பெரியவர் ஒருவர் முழு எடையையும் கொடுத்து இழுத்துப் பார்த்த பின்னரே குழந்தையைப் பிடிக்கவிட வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறப்பது நன்று. உள்ளே விழுந்த குழந்தையின் உடலே கதவை அடைத்துக்கொள்ள நேராது.

சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு 1:12 என்னும் சரிவு பரிந்துரைக்கப்படுகிறது. அரை அடி உயர வாசற்படிக்கு ஆறு அடி நீளம் தேவை என்பது இதன் பொருள்; பைக் ஏற்றுவதற்கென வீடுகளின் முன் போடப்படும் சரிவுகள் பல இவ்விகிதத்தின் அருகில்கூட வருவதில்லை. இடமில்லாத தெருக்களில், பிடித்து நடக்கும் குழந்தைக்கு உயரமான ஒரு படியை இரண்டு தாழ்ந்த படிகளாக்கிப் பக்கக் கம்பி பொருத்துவதே பொருத்தமானது.

பிற தகவமைப்புகள் செலவு குறைந்தவை: சைக்கிள் டியூப் சுற்றித் தடிக்கவைத்த கரண்டிக் காம்பு, தட்டு நகராதிருக்க அடியில் விரித்த ஈரத்துணி, பார்வை குறைந்தோருக்குப் படி விளிம்பில் மஞ்சள் பட்டை, செவித்திறன் குறைந்தோருக்கு அழைப்பு மணியுடன் எரியும் விளக்கு.

21 வகை இயலாமைகளை ஏற்கும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அணுகல் வசதி குறித்துப் பேசுமிடத்துப் பொதுக் கட்டடங்களையே பெரிதும் கருதுவதால், வீட்டுக்குள் செய்ய வேண்டியவை பெற்றோர் பொறுப்பிலேயே நிற்கின்றன. குழந்தை வளர வளர அளவுகள் மாறுவதையும் அவர்களே கவனிக்க நேர்கிறது. சிறுத்துப்போன இருக்கை இடுப்பை ஒருபுறம் சாய்த்து முதுகெலும்பின் வளைவை மிகுவிக்கக்கூடும். எனவே இயன்முறை மருத்துவரிடம் செல்லும்போது குழந்தையோடு இருக்கையையும் எடுத்துச் சென்று பொருத்தம் பார்ப்பது தக்கது.