கச்சேரி வாசலில் கட்டுச்சோறு

ரொம்ப நாளாயிற்று நீளமாக எழுதி. இன்று கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்களும் இதைப் படிக்கலாம், பரீட்சை கிடையாது.

சில வாரங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, சொந்தக்காரப் பையன் ஒருவனுக்குத் துணையாக கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தேன். திங்கட்கிழமை என்றால் மக்கள் குறைதீர்க்கும் நாள். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பர்கூர், ஊத்தங்கரை என்று நாலாபக்கமிருந்தும் மனுவோடு வந்து நிற்பார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வரிசையில் கேட்கும். மணி ஒன்றானதும் கேன்டீனுக்குப் போனோம். மகளிர் குழுவினர் நடத்துவது. டோக்கன் வாங்கிச் சாம்பார் சாதமும் பொரியலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எதிரே ஒரு டிரைவர், பக்கத்தில் இரண்டு கிளார்க்குகள், ஓரமாகச் சிவப்புப் பட்டை போட்ட டவாலி ஒருவர்.

வாசலில் ஒரு வயதான அம்மா தூக்குப்போசியோடு நின்றார். முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுக்க மலைப்பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். உள்ளே எட்டிப் பார்த்து, "இங்க குந்தலாமா சாமி?" என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அந்த "சாமி" எனக்குச் சுருக்கென்றது. நான் வாய் திறக்கும் முன்னே பரிமாறிக்கொண்டிருந்த பெண் திரும்பி, "உள்ள வந்து குந்தும்மா, பெஞ்சு யாரு அப்பன் வூட்டுது?" என்றார். அந்த அம்மா போசியைத் திறந்தார். ராகிக் களி உருண்டை இரண்டு, ஓரத்தில் பச்சை மிளகாய். டோக்கன் எதுவும் வாங்கவில்லை. அந்தப் பெண் ஒரு கிண்ணத்தில் குழம்பு ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார்.

சரித்திர வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? நம் ஜனங்கள் எப்போதிலிருந்து இப்படிக் கட்டுச்சோற்றோடு சர்க்கார் வாசலில் காத்திருக்கிறார்கள் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பதில் நம் காலடியிலேயே இருக்கிறது. 1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலைக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் அதில் சேர்ந்தவை. ஓசூர்ப் பக்கம் 1799ல் திப்பு வீழ்ந்த பிறகு சேர்ந்தது. பாராமகாலை நிர்வாகம் செய்ய வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளராக இருந்தவர் தாமஸ் மன்றோ, பிற்காலத்தில் மதராஸ் கவர்னர் ஆனவர். இவர்கள் இங்கே சோதித்துப் பார்த்ததுதான் ரயத்துவாரி முறை. ஜமீன்தார் போன்ற இடைத்தரகர் இல்லாமல் ஒவ்வொரு குடியானவனும் நேரடியாக சர்க்காருக்கு வரி கட்ட வேண்டும், அவன் பெயரிலேயே பட்டா. பத்தாம் வகுப்பில் இதை நன்மை, தீமை என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுத வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்றை அப்போது நான் சொல்லித்தரவில்லை. நேரடி உறவு என்றால் நேரடியாகப் போக வேண்டும் என்று அர்த்தம். பட்டாவுக்கும், வரி வஜாவுக்கும், ஜமாபந்திக்கும் குடியானவன் தானே நடந்து போய்க் கச்சேரி வாசலில் நிற்க வேண்டும். வேலை ஒரு நாளில் முடியாது என்றால் சோறு கட்டிக்கொண்டு போக வேண்டும்.

(கச்சேரி என்றதும் பாட்டுக் கச்சேரியை நினைக்காதீர்கள். நம் எல்லைப்பக்கத்துப் பெரியவர்கள் தாலுக்கா ஆபீசைக் கச்சேரி என்றுதான் சொல்வார்கள். கன்னடத்தில் இன்றும் ஆபீசுக்கு அதுதான் சொல். உள்ளே நடக்கும் ஆலாபனையும் சில சமயம் அப்படித்தான்.)

தூரத்தையும் யோசியுங்கள். 1965 வரை நாமெல்லாம் சேலம் ஜில்லா. ஓசூர்க்காரர் கலெக்டரைப் பார்க்க நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அந்த வருஷம் அக்டோபர் 2ல் தர்மபுரி மாவட்டம் பிறந்தது, தூரம் குறைந்தது. 2004 பிப்ரவரி 9ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது, ஓசூருக்கு ஐம்பது கிலோமீட்டர் என்றாயிற்று. ஆனாலும் அஞ்செட்டி மலைக் கிராமத்திலிருந்து வருகிறவருக்குப் போக வர ஒரு பகல் போய்விடும். மதியச் சோறு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இனி ஓசூர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சாப்பாட்டுக்கு வருகிறேன். சிப்காட் 1971ல் ஆரம்பிக்கப்பட்ட நிறுவனம். அது அமைத்த தொழிற்பேட்டையும், அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகளும் ராகியும் கொள்ளும் விளைந்த இந்த மேட்டு நிலத்தை மாற்றிவிட்டன. என் மாணவர்கள் பலர் அங்கே ஷிப்டு போனவர்கள். கேன்டீன் சாப்பாட்டைக் குறை சொல்லாத ஒருவனையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தத் தட்டு முதலாளி மனமிரங்கிப் போட்டது அல்ல, தம்பிகளா. 2025 வரை அமலில் இருந்த 1948ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 46வது பிரிவிலிருந்து வந்தது அது. 250க்கு மேல் தொழிலாளர் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வைக்க வேண்டும் என்று மாநில அரசு விதி போடலாம் என்றது அது. என்ன பரிமாற வேண்டும், என்ன விலை, நிர்வாகக் குழுவில் தொழிலாளருக்கு என்ன இடம் என்பதெல்லாம் விதியில் வந்தது. அடுத்த பிரிவு இன்னும் எனக்குப் பிடித்தது. 150க்கு மேல் ஆள் இருந்தால், வீட்டிலிருந்து கொண்டுவந்ததை உட்கார்ந்து சாப்பிட ஓர் அறையும் குடிதண்ணீரும் தர வேண்டும் என்றது. தூக்குப்போசிக்கும் சட்டத்தில் இடம் இருந்தது!

இந்த 250 என்ற எண் இங்கிலாந்திலும் இருந்தது. இரண்டாம் உலகப்போர் நடந்த 1940ல், அங்கே தொழிலாளர் அமைச்சராக இருந்த எர்னஸ்ட் பெவின், ஆயுத ஆலைகளில் 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன் வை என்று உத்தரவு போட வழி செய்தார். அவரும் தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். அதே சமயம் பொது ஜனங்களுக்கும் மலிவு விலைச் சாப்பாட்டுக் கூடங்கள் திறந்தார்கள். அதற்கு 'சமுதாய உணவு மையம்' என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்திருந்ததைப் பார்த்து, பசியே போய்விடும் என்று சர்ச்சிலுக்குப் பிடிக்கவில்லை. 'பிரிட்டிஷ் ரெஸ்டாரன்ட்' என்று மாற்றச் சொன்னார். பெயரில் என்ன இருக்கிறது என்பார்கள், சாப்பாட்டு விஷயத்தில் நிறைய இருக்கிறது.

நம் நாட்டில் ஒப்பந்தத் தொழிலாளருக்கு 1970ம் வருஷத்துச் சட்டம் 100 பேர் என்று வைத்தது. மத்திய அரசு அலுவலகங்களில் துறையே நடத்தும் கேன்டீன்களில் சமையல் செய்கிறவர், தட்டு கழுவுகிறவர் எல்லோரையும் 1979 அக்டோபர் 1 முதல் அரசு ஊழியராகக் கருத வேண்டும் என்று ஆணை வந்தது. 1990ல் ரயில்வே கேன்டீன் ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றது. ஆக, ஆலையில் வேலை செய்கிறவருக்குச் சட்டம் இருக்கிறது, ஆபீஸ் கேன்டீனில் சமைப்பவருக்கும் ஓரளவு இருக்கிறது. மனு கொண்டு வருகிறவருக்கு? அவர் யாருக்கும் தொழிலாளி இல்லை. அவருக்காக எழுதிய பிரிவு எதுவும் இல்லை.

பசித்தவருக்குச் சோறு கிடைத்தால் மட்டும் போதாது, யாரோடு உட்காரலாம் என்பதும் நம் ஊரில் பெரிய சரித்திரம். தென்னிந்திய ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் பிராமணர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்று பிரித்துப் பலகை மாட்டியிருந்தார்கள். பெரியார் இயக்கம் விடாமல் எதிர்த்து, 1941ல்தான் அது ஒழிந்தது. சுதந்திரத்துக்குப் பின் அரசியலமைப்பின் 15வது பிரிவு, கடை, பொது உணவகம் எதிலும் சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்று எழுதியது. எழுத்து 1950லேயே வந்துவிட்டது. டீக்கடையில் தனி டம்ளர் வைத்து, குடித்தவரே கழுவி வைக்கச் சொன்ன வழக்கம் அதற்கப்புறமும் எத்தனை வருஷம் இருந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் டம்ளரில் காபி குடித்திருக்கிறேன்.

இப்போது அந்தக் கேன்டீன் பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். சுய உதவிக் குழு என்றதும் இன்று எல்லோரும் ஏதோ காலங்காலமாக இருப்பது மாதிரி பேசுகிறோம். தமிழ்நாட்டு அரசு அதை முதன்முதலில் தொடங்கிப் பார்த்தது 1989ல், அன்றைய தர்மபுரி மாவட்டத்தில். அப்போது கிருஷ்ணகிரியும் ஓசூரும் அதற்குள்தான். ரோமில் இருக்கும் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம் பண உதவி செய்தது, இந்தியன் வங்கி கடன் கொடுத்தது. பக்கத்துக் கர்நாடகத்தில் 1980களின் நடுவிலேயே இப்படிக் குழுக்களை வளர்த்திருந்த மைராடா என்ற தொண்டு நிறுவனமும் இங்கே வேலை செய்தது. பிறகு சேலம், தென்னாற்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று பரவி, 1997-98ல் மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் போனது. நபார்டு வங்கி நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கும் சோதனையை ஆரம்பித்ததே 1992ல்தான். பெண் சிசுக்கொலைக்குப் பெயர் வாங்கிய மாவட்டம் என்று பத்திரிகைகள் நம்மைப் பற்றி எழுதிய அதே காலத்தில், பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, நோட்டுப் போட்டு எழுதக் கற்றுக்கொண்டார்கள். இரவுப் பள்ளியில் கையெழுத்துப் பழகிய அம்மாக்கள் எத்தனையோ பேர். உங்களில் சிலருடைய முதல் கல்லூரிக் கட்டணம் அந்த நோட்டிலிருந்து வந்ததுதான், மறந்திருக்க மாட்டீர்கள்.

அந்தக் குழுக்களின் கையில்தான் பின்னாளில் சமையல் கரண்டி போய்ச் சேர்ந்தது. 2013 பிப்ரவரி 19ல் சென்னையில் அம்மா உணவகம் தொடங்கியபோது ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம், மூன்று ரூபாய் தயிர் சாதம். சமைத்தவர்கள் குழுப் பெண்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இதைப் பார்த்துவிட்டு 2017 ஆகஸ்டில் பெங்களூரில் இந்திரா கேன்டீன் திறந்தார்கள், காலை ஐந்து ரூபாய், மதியம் பத்து ரூபாய். அரசியல் வேண்டாம், இரண்டு பக்கமும் பசி ஒன்றுதான். 2022ல் வந்த பள்ளிக் காலை உணவுத் திட்டத்திலும் ஊரூராகச் சமைப்பவர்கள் இதே பெண்கள்தான். அவர்களுக்கு மத்திய அரசு கேன்டீன்காரர்கள் மாதிரி ஆணையும் கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. இது எனக்கு வருத்தம். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு இதை எழுதுகிறேன் என்பதால் இன்னும் கொஞ்சம் வருத்தம்.

ராகியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. அந்த மே மாதம் நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது களி கொண்டுவருகிற பையன் வகுப்பில் மூடியை மறைத்துக்கொண்டு சாப்பிடுவான். அரிசிச் சோறு கொண்டுவருகிறவன் திறந்து வைத்துச் சாப்பிடுவான். இப்போது பெரிய ஓட்டல்களில் அதே களிக்குத் தனி விலை.

அந்த அம்மா களி சாப்பிட்டு முடித்தார். டவாலி எழுந்து கை கழுவப் போகும்போது, "ஆத்தா, உன் நம்பர் எத்தனை?" என்று கேட்டு, சீட்டைப் பார்த்து, "இன்னும் நேரம் இருக்குது, மெதுவா வா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மா போசியை மூடினார். பிறகு குழம்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்க் கழுவ ஆரம்பித்தார். நாங்கள் யாரும் எங்கள் தட்டைக் கழுவவில்லை, அப்படியே தொட்டியில் போட்டுவிட்டு வந்திருந்தோம். பரிமாறிய பெண் ஓடிப் போய்க் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கினார். "இத யாரும்மா உன்னக் கழுவச் சொன்னது? வெச்சுட்டுப் போ."

அந்த அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு மனு வைத்திருந்த மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனார்.