ஈயின் நிறக்கோல்கள்

கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும் சிற்றீயை நாம் கையால் ஓட்டிவிடுகிறோம். மரபியல் என்னும் அறிவுத்துறை பெரிதும் வளர்ந்ததோ அவ்வீயினால்தான். 1910ஆம் ஆண்டில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்கன் என்னும் அறிஞர், செங்கண் ஈக்களிடையே வெண்கண் ஈ ஒன்றைக் கண்டார். அதன் வழித்தோன்றல்களை ஆராய்ந்தபோது, கண்ணின் நிறத்தை ஆளும் மரபுக்கூறு எக்ஸ் நிறக்கோலைச் சார்ந்தது என்பது விளங்கிற்று. ஆயினும் நிறக்கோல்கள் மிக நுண்ணியவை. அவற்றின் உள்ளமைப்பைக் காணும் வழி புலப்படவில்லை.

1933இல் டெக்ஸாஸில் பெயின்ட்டர் அவ்வழியைத் திறந்தார். ஈப்புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் நிறக்கோல்கள் பிரியாமலே பன்முறை இரட்டித்து, ஆயிரம் இழைகள் ஒருங்கே சேர்ந்த பெருங்கயிறுகளாகின்றன. சுரப்பியைத் தனியே எடுத்து, அசிட்டோகார்மின் சாயத்தில் தோய்த்து, இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே நசுக்கினால், அக்கயிறுகளின் குறுக்கே கரும்பட்டைகள் வரிசையாகத் தோன்றும். 1935இல் பிரிட்ஜஸ் அவற்றை 102 பகுதிகளாக வகுத்துப் படம் வரைந்தார்.

இனி நம் நாட்டவர் ஒருவரின் பணியைக் காண்போம். பெண் ஈக்கு எக்ஸ் நிறக்கோல் இரண்டு, ஆணுக்கு ஒன்றே. எனினும் அதிலுள்ள மரபுக்கூறுகளின் பயன் இருபாலார்க்கும் ஒத்திருக்கிறது. இச்சமன்பாடு நிறக்கோலிலேயே நிகழ்கிறதா, அதற்குப் பின்னர் நிகழ்கிறதா? கல்கத்தாவின் ஏ. எஸ். முகர்ஜி, ஜெர்மானிய அறிஞர் பீர்மனுடன் சேர்ந்து 1965இல் இதற்கு விடை கண்டார். கதிரியக்க ஹைட்ரஜனால் அடையாளமிட்ட யுரிடினைச் சுரப்பிக்கு அளித்தனர். ஆர்.என்.ஏ. உருவாகுமிடத்தில் அது சென்று சேரும். தகட்டின்மேல் ஒளிப்படக் குழம்பைப் பூசி, இருளில் வைத்துப் பின்னர்க் கழுவினால், அவ்விடங்களில் கரும்புள்ளிகள் தென்படும். ஆணின் ஒற்றை எக்ஸின் மேல் விழுந்த புள்ளிகள், பெண்ணின் இரண்டின் மேலும் விழுந்தவற்றுக்கு ஏறத்தாழ ஈடாயிருந்தன! ஒன்றே இரண்டின் வேலையைச் செய்கிறது. சமன்பாடு நிறக்கோலிலேயே நிகழ்கிறது.

1969இல் காலும் பார்டியூவும் மரபிழைத் துண்டுக்கே கதிரியக்க அடையாளமிட்டு, அதன் இணை உயிரணுவில் எங்குளதெனக் காட்டினர். 1982இல் கதிரியக்கத்தை விடுத்துப் பயோட்டின் என்னும் பொருளால் அடையாளமிடும் முறை இதே ஈயின் நிறக்கோல்களில் நிறுவப்பட்டது. ஒளிரும் சாயங்களும் பயன்பட்டன.

முகர்ஜியின் மாணவர் லக்கோட்டியா, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இவ்வாராய்ச்சியைப் பல்லாண்டு வளர்த்தார். கல்கத்தாவிலும் காசியிலும் குடியேறி வாழும் நம்மவர், தாம் வாழும் நகரங்களுக்கு இவ்வரலாற்றில் உள்ள பங்கை அறிதல் நன்று.