கீழே மறைந்துபோன ‘சேமி’ பொத்தான்

கலஹா பக்கமுள்ள ஒரு தோட்டத்தில் குடும்ப விபரங்களைக் கணினியில் பதியும் நாளொன்றில் இதைக் கவனித்தேன். ஆங்கிலத்தில் உருவாக்கிய மென்பொருளில் பிறகு தமிழை ஏற்றியிருந்தார்கள். ‘அட்ரஸ்’ என்ற ஒற்றைச் சொல் ‘நிரந்தர வதிவிட முகவரி’ ஆனபோது ஒரு வரி இரண்டானது. படிவம் நீண்டது; திரை நீளவில்லை. கடைசிக் கேள்வியும் ‘சேமி’ பொத்தானும் திரைக்குக் கீழே போய்விட்டன. அரைநாள் சம்பளத்தை விட்டு வந்திருந்த ஓர் அம்மாவை, “நாளைக்கு வாங்கம்மா” என்று திருப்பி அனுப்பினார்கள்.

உருவாக்கியவரின் திரை 1080 புள்ளி உயரமாக இருக்கலாம். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் 768தான். எனவே சாளரத்தைப் பெரிதாக்குவது தீர்வல்ல. உள்ளடக்கத்தை உருளச் செய்ய வேண்டும்.

பைதன் மொழியின் டிகின்டரில் பெட்டிகளை அடுக்கும் ‘ஃபிரேம்’ உருளாது, ‘கேன்வஸ்’ உருளும். ஆகவே படிவம் முழுவதையும் ஒரு ஃபிரேமில் வைத்து, அந்த ஃபிரேமைக் கேன்வஸுக்குள் பதிக்க வேண்டும். உருள்பட்டையை இழுத்தால் கேன்வஸ் நகர வேண்டும். கேன்வஸ் நகர்ந்தால் பட்டையின் இடமும் மாற வேண்டும். இரண்டு இணைப்புகளையும் தனித்தனியே கொடுக்க வேண்டும். பலரும் மறப்பது அடுத்த படியை: ஃபிரேமின் அளவு மாறும்போதெல்லாம் உருளும் எல்லையைப் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டை இருக்கும், படிவம் அசையாது.

மற்றக் கருவிகளில் வேலை குறைவு. விண்டோஸ் ஃபோர்ம்ஸில் ‘ஆட்டோ ஸ்க்ரோல்’ என்ற பண்பை இயக்கினால் போதும். ஜாவா சுவிங்கில் ‘ஜேஸ்க்ரோல்பேன்’, கியூட்டில் ‘கியூஸ்க்ரோல்ஏரியா’ ஆகியவற்றுக்குள் படிவத்தை வைக்கலாம்.

எந்தக் கருவியானாலும் இரண்டு விடயங்கள் முக்கியம். ‘சேமி’ பொத்தானை உருளும் பகுதிக்கு வெளியே, சாளரத்தின் அடியில் நிலையாக வையுங்கள். மவுஸ் சக்கரத்தாலும் ‘டப்’ விசையாலும் கடைசிக் கேள்விவரை போக முடிகிறதா என்று பாருங்கள். டிகின்டரில் இவை தானாக நடக்காது. நாமே எழுத வேண்டும்.

பிறகு தமிழிலும் சிங்களத்திலும், சிறிய திரையொன்றில் சோதியுங்கள். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அந்த உரிமை படிவத்தின் கடைசி வரிவரை போய்ச் சேர வேண்டும். அந்த அம்மாவின் முகவரி இருந்ததும் அங்கேதான்.