ஏழு பிள்ளையும் ஒரு கணக்கு நோட்டும்

இந்தப் பக்கம் ரொம்ப நாளா தூசி படிஞ்சு கிடக்குது. பொங்கலுக்கு திண்டிவனம் போயிருந்தப்ப வீட்டுப் பரணைத் தட்டினேன். அதுல கிடைச்சதுதான் இந்தக் கொசுவர்த்திப் பதிவு.

எங்க வீட்டு விசேஷம் எதுவானாலும் ஒரு வசனம் கட்டாயம் வரும். "உங்க ஆயா ஏழு பிள்ளைங்களை ஒரு வாத்தியார் சம்பளத்துல வளர்த்தா. நீங்க என்னடான்னா ஒண்ணை வச்சுக்கிட்டு புலம்பறீங்க!" உங்க வீட்லயும் இதே வசனம்தான் ஓடும், எண்ணிக்கை மட்டும் மாறும் :-)

தாத்தா ஊராட்சி ஒன்றிய ஆரம்பப் பள்ளி ஆசிரியர். பரண்ல இருந்த டிரங்குப் பெட்டியில அவரோட வரவு செலவு நோட்டு கிடைச்சது. 1966லிருந்து 1969 வரைக்கும் மாசம் தவறாம எழுதியிருக்கார். நமக்குத்தான் பொட்டி தட்டற வேலையாச்சே, அன்னிக்கு ராத்திரியே எல்லாத்தையும் எக்ஸெல்ல ஏத்திட்டேன்.

1967 ஜூன் மாசக் கணக்கு இது. சம்பளம் 112 ரூபாய். அரிசி, கேழ்வரகு, கம்பு சேர்த்து 61. வாடகை 12. அடுப்புக்கு சவுக்கு மிலாறு 6. சீட்டு 5. ஆயாவோட கம்மலுக்கு சேட்டு கடை வட்டி 3. மிச்சம் 25 ரூபாய்ல எண்ணெய், புளி, கருவாடு, துணி, வைத்தியம் எல்லாம். வீட்ல தாத்தாவோட அம்மாவையும் சேர்த்து 9 பேர். எங்கப்பா அப்ப பொறக்கவே இல்ல, அவர் 1968.

அது சாதாரண வருஷமும் இல்ல. 1965, 1966 ரெண்டு வருஷமும் நாட்டுல பல இடத்துல மழை பொய்ச்சு தானியத்துக்குத் தட்டுப்பாடு. 1967 தேர்தல்ல இங்க பெரிய பேச்சே அரிசிதான். அண்ணாதுரை ஆட்சிக்கு வந்ததும் ஆரம்பிச்ச 'ரூபாய்க்கு ஒரு படி' திட்டம் சென்னைக்கும் கோவைக்கும்தான் கிடைச்சது. திண்டிவனத்துல கடைக்காரர் சொன்னதுதான் விலை. அதனால காலையில கேழ்வரகு கூழ், ராத்திரி மட்டும் சோறு. மல்லாட்டை அறுவடை முடிஞ்ச கொல்லியில பிள்ளைங்க எல்லாரும் போய் மண்ணைக் கிளறி விட்டுப்போன காய் பொறுக்குவாங்களாம். அதுதான் துவையல், அதுதான் தீனி. (மல்லாட்டைன்னா என்னன்னு கேக்கற தென்மாவட்ட நண்பர்களுக்கு: நிலக்கடலைங்க!)

சரி, வெறும் சிக்கனத்துலயே இது ஓடிச்சா? நோட்டுல வராத வரவும் இருந்திருக்கு. ஆயாவோட அண்ணன் வருஷா வருஷம் மாட்டு வண்டியில 4 மூட்டை நெல்லு இறக்கிட்டுப் போவார். அது எந்தப் பக்கத்துலயும் இல்ல. மத்தியானச் சாப்பாடு பிள்ளைங்களுக்கு பள்ளிக்கூடத்துலயே கிடைச்சது, காமராஜர் 1956ல தொடங்கி வச்ச மதிய உணவு. உயர்நிலைப் பள்ளிக் கட்டணமும் அவர் ஆட்சியில படிப்படியா எடுத்துட்டாங்க. இதெல்லாம் இல்லாம 112 ரூபாய்ல ஆயா என்ன மந்திரம் போட்டிருந்தாலும் நடந்திருக்காது.

இன்னும் பின்னாடி போனா இது நல்லாப் புரியும். விழுப்புரம் மாவட்டத்துல இருவேல்பட்டுன்னு ஒரு ஊர். சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியரா வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916ல மாணவர்களை வச்சு சில கிராமங்களை ஆராய்ஞ்சு, 1918ல புத்தகமாப் போட்டார். அதுல இதுவும் ஒண்ணு. பிறகு 1936-37லயும், 2008லயும்கூட ஆய்வாளர்கள் அதே ஊருக்குப் போயிருக்காங்க. முதல் ஆய்வுல அங்க இருந்த படியாட்களைப் பத்தி வருது. கல்யாணச் செலவுக்கு பண்ணையார்கிட்ட கடன் வாங்கி, அதுக்காக அவர்கிட்டயே ஆளா இருக்கணும். கூலி தானியமா வரும், கடன் அடையாது, அப்பாவுக்கு அப்புறம் மகன் தலையில விழும். அவங்ககிட்ட போய் சிக்கனமா இருங்கன்னு யார் சொல்றது? மிச்சம் பிடிக்க முதல்ல கையில காசு வரணும். மாசக் கடைசியில கணக்கு எழுத முடிஞ்சதே எங்க தாத்தாவுக்குக் கிடைச்ச வசதிதான்.

இந்த அளவோட பதிவை முடிச்சிருப்பேன். ஆனா ஒரு விஷயம் உறுத்திச்சு.

1967 ஜூன்: 'சிலேட்டு, நோட்டு, 4 பேருக்கு'. 1968 ஜூன்: அதே 4 பேருக்கு. எக்ஸெல்ல எந்த வித்தியாசமும் தெரியல. ஆனா அந்த வருஷம் சின்னப் பெரியப்பா ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்தாரே, 5 வரணுமே? நோட்டை எடுத்து பேரைப் பார்த்தேன். புதுசா ஒரு பேர் வந்திருக்கு, பெரியத்தை பேரைக் காணோம்.

பெரியத்தை விழுப்புரத்துல இருக்காங்க. ஊருக்குத் திரும்பற வழியில இறங்கிக் கேட்டேன்.

"எட்டாவது பாஸ் பண்ணினேன்டா. ஒம்பதாவதுக்கு சம்பளம்கூட கட்ட வேணாம்னுதான் சொன்னாங்க. உங்கப்பன் பொறந்து ரெண்டு மாசம். ஆயாவுக்கு எழுந்து நடக்கவே முடியல. கூழ் காய்ச்சணும், தண்ணி தூக்கணும், இவனை இடுப்புல வச்சுக்கணும். யாராச்சும் ஒருத்தர் நிக்கணும்ல? பெரியவ நான்தானே."

கோவமா எல்லாம் சொல்லல. காப்பி ஆத்திக்கிட்டே சொன்னாங்க. எனக்குத்தான் காப்பி இறங்கல.

அரசாங்கம் கட்டணத்தை எடுத்துச்சு, சோறும் போட்டுச்சு. ஆனா 13 வயசுப் பொண்ணோட உழைப்புக்கு அந்த நோட்டுல ஒரு பத்தியே கிடையாது. அந்த இலவசத்துலதான் எங்கப்பா வளர்ந்தார், படிச்சார், என்னையும் இன்ஜினியர் ஆக்கினார்.

பெரியத்தைக்கு ரெண்டு பொண்ணுங்க, ரெண்டு பேரும் பட்டதாரிங்க. "ரெண்டு போதும்னு நான்தான் சொன்னேன்"னு சிரிச்சாங்க. 2019-21 குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல ஒரு பெண்ணுக்கு சராசரி 1.8 குழந்தைங்க. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு சாமர்த்தியம் பத்தலைன்னு யாராச்சும் சொன்னா எனக்கு இனிமே பெரியத்தைதான் ஞாபகம் வருவாங்க. அந்தச் சாமர்த்தியத்துக்கு என்ன விலைன்னு நல்லாத் தெரிஞ்சவங்க அவங்க.

ஆயாவைக் குறை சொல்லல. அவங்க தட்டுல கடைசியா என்ன மிஞ்சிச்சுங்கறதும் அந்த நோட்டுல இல்ல.

பி.கு: உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஒரு நோட்டு இருந்தா எடுத்துப் பாருங்க. கூட்டல் சரியா வருதான்னு பார்க்காதீங்க, பேர் எல்லாம் இருக்கான்னு பாருங்க. பின்னூட்டத்துல சொல்லுங்க.