எறையூர்: எங்கள் பங்கு எங்கே?

ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் இருக்கும் மக்களைக் கத்தோலிக்கர்கள் 'பங்கு' என்பார்கள். நமக்குச் சேர வேண்டியதற்கும் தமிழில் பங்கு என்றுதான் பெயர். எறையூர் தலித் மக்கள் தனிப் பங்கு கேட்டபோது இரண்டையும் சேர்த்தே கேட்டார்கள்.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருக்கிறது எறையூர். அன்று விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி. புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பெரிய பங்குகளில் ஒன்று. செபமாலை அன்னை ஆலயம் ஊர் நடுவே நிற்கிறது. அதைச் சுற்றி வாழும் பெரும்பான்மையினர் வன்னியக் கத்தோலிக்கர்கள். தலித் கத்தோலிக்கர்கள் சேரியில். ஞானஸ்நானம் ஒன்று, நற்கருணை ஒன்று, பிணம் போகும் வழி மட்டும் வேறு. சவ ஊர்வலம் பொதுத் தெருவில் வரக்கூடாது, சவ வண்டி பொது இல்லை, கல்லறை தனி. பீடச் சிறுவர்களாகவும் பாடற்குழுவிலும் தம் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்றும் அம்மக்கள் புகார் சொன்னார்கள்.

பொறுத்துப் பார்த்துவிட்டுச் சேரி மக்கள் சகாய மாதாவுக்குச் சொந்தமாக ஒரு கோயில் எழுப்பினார்கள். அதைத் தனிப் பங்காக அறிவித்து ஒரு குருவை அனுப்புங்கள் என்று மறைமாவட்டத்திடம் கேட்டார்கள். "இது பிரிவினை, கிறிஸ்துவின் உடலைக் கூறு போடலாமா?" என்ற பேச்சு உடனே கிளம்பியது. நமக்கு வேண்டிய நண்பர்களே சிலர் அப்படிக் கேட்டார்கள்.

கூறு போட்டது யார் என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பார்ப்பனச் சந்நியாசி போல வாழ்ந்தார். பூணூலையும் குடுமியையும் கிறித்தவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று 1623இல் ரோமாபுரியே அனுமதி கொடுத்தது. சந்நியாசிக் குரு நம் தெருவுக்கு வந்தால் தீட்டு. ஆகவே 1640 முதல் பண்டாரச்சாமிகள் என்று இன்னொரு வகைக் குருக்களை ஏற்பாடு செய்தார்கள். சுவிசேஷம் ஒன்றுதான், அதைக் கொண்டுவரும் சாமியார் மட்டும் சாதிக்கு ஏற்றபடி!

நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் இருக்கிறது. 1872இல் அங்கே கட்டிய கோயில் கால்சட்டையை விரித்து வைத்தது போல இரண்டு கூடமாகப் பிரிந்து, பீடத்தில் வந்து சேரும். ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடார். இருவருக்கும் நடுவில் சுவர். திட்டம் போட்டு, அளவெடுத்து, செங்கல் அடுக்கிக் கட்டிய பிரிவினை அது. 1910இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். வெள்ளாளர் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். இந்தக் கதையைத் திருச்சபை பெருமையாகச் சொல்கிறது, சொல்லட்டும். அடிகளாரின் துணிவை நாங்களும் மதிக்கிறோம். ஆனால் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணங்களைப் பிரிக்க எழுந்த சுவரை இடிக்க 21ஆம் நூற்றாண்டிலும் போராட வேண்டியிருந்ததே!

இத்தனை காலம் எல்லாவற்றையும் பிரித்தே வைத்திருந்தார்கள். அப்போதெல்லாம் அதற்கு 'உள்ளூர் வழக்கம்' என்று பெயர். நாம் ஒரு குருவைத் தனியாகக் கேட்டதும் அது பிரிவினை ஆகிவிட்டது.

2008 மார்ச்சில் எறையூர் தலித் மக்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் தாக்கப்பட்டார்கள், வீடுகள் நொறுங்கின. காவல்துறை சுட்டதில் வன்னியக் கத்தோலிக்கர் இருவர் செத்தார்கள். அந்த இரண்டு உயிர்களுக்காகவும் நாங்கள் வருந்துகிறோம், இதை மறைத்துப் பேச வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. ஒரு சவ வண்டியும் ஒரு தெருவும் பொதுவாக இருந்திருந்தால் அன்று துப்பாக்கிக்கு அங்கே வேலை இருந்திருக்காது.

2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டது. ஆவணம் நன்றாகவே இருக்கிறது. தமிழகக் கத்தோலிக்கரில் பாதிக்கு மேல் நாம், ஆயர்களில் எத்தனை பேர் நாம் என்று விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள். 2022இல் புதுவைக்குப் புதிய பேராயர் நியமனமான போதும் தலித் அமைப்புகள் இதே கேள்வியோடு தெருவுக்கு வந்தன.

1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவத் தலித்துகளைப் பட்டியலினத்துக்கு வெளியே நிறுத்தியது. சீக்கியர்களை 1956இலும் பௌத்தர்களை 1990இலும் சேர்த்தார்கள், நம்மை இன்னும் சேர்க்கவில்லை. அந்த நாளை ஆண்டுதோறும் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம், ஆயர்களும் நம்மோடு வருகிறார்கள். மதம் மாறியும் சாதிக்கொடுமை தொடர்கிறது என்று அரசுக்கு மனுவும் கொடுக்கிறார்கள். அடுத்த ஆகஸ்ட் 10 அன்று கறுப்புக் கொடியோடு உங்கள் பக்கத்தில் நிற்கும் குருவிடம், அவர் பங்கில் எத்தனை கல்லறைத் தோட்டம் என்று கேட்டுப் பாருங்கள்.